மோடம் காலத்து அரட்டையையும் இணையத் தொலைபேசியையும் இன்று ஓட்டிப் பார்க்க: முழுமையான வழிகாட்டி

மோடம் காலத்து அரட்டை மென்பொருளான ஐசிக்யூவின் சர்வர்கள் 2024 ஜூன் 26 அன்று நின்றன. அதன் சக அரட்டை மென்பொருள்களான ஏஐஎம் 2017 டிசம்பரிலும், யாஹூ மெசெஞ்சர் 2018 ஜூலையிலும், ஸ்கைப் 2025 மே மாதத்திலும் மூடப்பட்டன. இவை எல்லாவற்றுக்கும் மூத்தது ஐஆர்சி. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் 1988 ஆகஸ்டில் யார்கோ ஓய்க்கரினென் எழுதிய அந்த அரட்டை முறை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதேபோல மைக்ரோசாஃப்டின் 1990களின் குரல் அழைப்பு மென்பொருளான நெட்மீட்டிங்கையும் இப்போதே இரண்டு கணினிகளில் திறந்து பேசிவிடலாம்.

எது பிழைத்தது, எது போனது என்று பார்த்தால் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: எதிர்முனையில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லும் பட்டியல் யார் கையில் இருந்தது? ஒரே நிறுவனத்தின் சர்வரில் இருந்தால், அந்தச் சர்வரோடு மென்பொருளும் போய்விட்டது. யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம் என்றிருந்தாலோ, ஐபி முகவரியைத் தட்டினால் போதும் என்றிருந்தாலோ, அது இன்றும் வேலை செய்கிறது. இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான். முதலில் திறந்த முறையில் ஓடுபவை, அடுத்து நேரடி அழைப்பு, கடைசியில் சர்வரை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டியவை.

தொடங்கும் முன்

ஓரளவு புதிய கணினி ஒன்று, அதில் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ், மைக் உள்ள ஹெட்செட், உங்களுடைய உரிமம் உள்ள விண்டோஸ் எக்ஸ்பி குறுவட்டு. இவ்வளவு போதும். விண்டோஸ் 98 இன்னும் அசலாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் விர்ச்சுவல்பாக்ஸில் 98-க்கு ஒலி, திரை டிரைவர்களைத் தேடி ஒட்டவைப்பதிலேயே ஒரு நாள் போய்விடும். நெட்மீட்டிங் எக்ஸ்பியிலேயே ஒளிந்திருக்கிறது என்பதால் எக்ஸ்பிதான் என் சிபாரிசு. 98-தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 86பாக்ஸ் பக்கம் போங்கள். பழைய சவுண்ட் கார்டுகளையே போலச் செய்து காட்டும் மென்பொருள் அது.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பியை எந்தக் காரணத்துக்கும் நேரே இணையத்தில் விடாதீர்கள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல வருடங்கள் ஆகின்றன. கீழே எக்ஸ்பியில் செய்வதெல்லாம் இணையத்துக்கு வழியில்லாத தனி வலையில்தான் நடக்கும். இன்று வேறு எங்கும் பயன்படுத்தும் கடவுச்சொல்லையும் இந்தப் பழைய மென்பொருள்களில் போடாதீர்கள். அவற்றில் பல, கடவுச்சொல்லை அப்பட்டமாகவோ அரைகுறை மறைப்போடோ அனுப்பியவை.

டாக்: ஐந்து நிமிடப் பயிற்சி

இருவர் தட்டச்சில் பேசிக்கொள்ளும் யூனிக்ஸின் டாக் (talk) கட்டளை 1983-ல் வந்த 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வெளியானது. லினக்ஸில் டாக், டாக்டி என்ற இரண்டு தொகுப்புகளையும் அழைப்பு வரும்போது டாக்டியை எழுப்பும் ஓர் ஐநெட்டி (inetd) சேவையையும் நிறுவுங்கள். இரண்டு பயனர் கணக்குகளில் இரண்டு முனையங்களைத் திறந்து, ஒன்றிலிருந்து டாக் என்று தட்டி மற்றவரின் பெயரைக் கொடுங்கள். எதிர் முனையத்தில், இன்னார் பேச அழைக்கிறார், இந்தக் கட்டளையால் பதில் சொல்லுங்கள் என்று செய்தி வரும். பதில் கொடுத்ததும் திரை இரண்டாகப் பிரியும்.

இதில் 'அனுப்பு' என்ற செயலே கிடையாது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அந்த நொடியே எதிரே தெரியும். தப்பாக அடித்து அழிப்பதும், ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் மனம் மாறுவதும் மறையாது. ஐசிக்யூவின் 'சாட்' சாளரமும் பின்னாளில் இதே மாதிரிதான் வேலை செய்தது. 'தட்டச்சு செய்கிறார்...' என்ற இன்றைய மூன்று புள்ளிகளை விட இது எவ்வளவோ நேர்மை.

ஐஆர்சி: கையாலேயே பேசிப் பார்ப்பது

ஐஆர்சியில் நுழைய எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. காலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் காலித் மர்தம்-பே 1995-ல் வெளியிட்ட எம்ஐஆர்சியின் பழைய பதிப்பு ஒன்றை எக்ஸ்பியில் போடலாம். அதற்கு முன், செயலியே இல்லாமல் ஒருமுறை நுழைந்து பாருங்கள் என்பேன். அந்த முறை எவ்வளவு எளிமையானது என்பது அப்போதுதான் பிடிபடும்.

உங்கள் கணினியில் என்ஜிஐஆர்சிடி (ngircd) என்ற சிறிய ஐஆர்சி சர்வரை நிறுவிக்கொள்ளுங்கள். அதன் வழக்கமான போர்ட், அதாவது வாசல் எண், 6667. பிறகு முனையத்தில் நெட்கேட் என்ற கருவி மூலம் அந்தப் போர்ட்டோடு இணையுங்கள். இணைந்ததும் இரண்டு வரிகள் தட்ட வேண்டும். முதல் வரியில் நிக் என்ற சொல்லும் உங்கள் புனைபெயரும். இரண்டாம் வரியில் யூசர் என்ற சொல், பயனர் பெயர், ஒரு பூஜ்யம், ஒரு நட்சத்திரக் குறி, அதற்குப் பின் ஒரு முக்காற்புள்ளியை ஒட்டி முழுப் பெயர். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். சர்வர் உடனே 001 என்று தொடங்கும் வரவேற்பு வரியை அனுப்பும். உள்ளே வந்துவிட்டீர்கள்.

அடுத்து ஜாயின் என்று தட்டி, ஹேஷ் குறியோடு ஓர் அறையின் பெயரைக் கொடுங்கள். அறை இல்லையென்றால் அதுவே உருவாகும். முதலில் நுழைந்தவர் என்பதால் நிர்வாகியும் நீங்களே. பேசுவதற்கு பிரிவ்எம்எஸ்ஜி (PRIVMSG), அறையின் பெயர், முக்காற்புள்ளி, செய்தி. சற்று நேரத்தில் சர்வர் பிங் என்று ஒரு வரி அனுப்பும். அதிலுள்ள சொல்லையே திருப்பி, பாங் என்று போட்டுப் பதில் அனுப்ப வேண்டும். கவனிக்காமல் விட்டால், ஆள் இல்லை என்று முடிவுகட்டிச் சர்வர் வெளியே தள்ளிவிடும். எந்தச் செயலியும் பின்னணியில் செய்துகொண்டிருப்பது இவ்வளவுதான்.

கவனிக்க இரண்டு விஷயங்கள். ஐஆர்சியின் அசல் விதிநூலான 1993-ன் ஆர்எஃப்சி 1459 புனைபெயருக்கு 9 எழுத்து மட்டுமே தருகிறது. அதோடு சதுர அடைப்புக்குறியையும் நெளிவு அடைப்புக்குறியையும் ஒரே எழுத்தின் பெரிய, சிறிய வடிவங்களாகவே கருதுகிறது. பிறந்த ஊரின் அடையாளம் அது. ஸ்காண்டிநேவிய விசைப்பலகைகளில் அந்த இடங்களில் இருந்தவை உயிரெழுத்துகள்.

இரண்டாவது, ஒரு செய்தி வரி மொத்தம் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அனுப்புபவர் பெயர், அறையின் பெயர் எல்லாமே அதற்குள். யூனிகோடை அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். 'வணக்கம்' என்பது புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், அதாவது 21 பைட். ஆக தமிழில் நீளமாக எழுதினால் ஆங்கிலத்தைப் போல மூன்றில் ஒரு பங்குதான் ஒரு வரியில் போகும், சில நேரம் கடைசி எழுத்து பாதியில் அறுபட்டுப் பெட்டி பெட்டியாகத் தெரியும். எம்ஐஆர்சியின் பழைய பதிப்புகளில் யூனிகோடே கிடையாது என்பதால் அங்கே தமிழ் முழுக்கக் கலைந்துதான் வரும். அதற்கு வழியில்லை.

உங்கள் சர்வரில் பழகிய பின், வெளியே லிபெரா சாட் போன்ற பொது வலைகளுக்குப் போகலாம். அங்கே இன்றைய செயலியை வைத்து, மறைகுறியாக்கம் உள்ள 6697 போர்ட்டில் போங்கள். ஒரு நடைமுறை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அறையில் 200 பெயர்கள் இருந்தாலும் ஒருவரும் பேசாமல் இருப்பது அங்கே சாதாரணம். 'ஒரு சந்தேகம் கேட்கலாமா' என்று கேட்டால் பதில் வராது. சந்தேகத்தையே நேரடியாக எழுதிவிட்டுக் காத்திருங்கள். மூன்று மணிநேரம் கழித்து யாராவது பதில் போடுவார்கள், நீங்கள் இணைப்பில் இருந்தால்தான் அதைப் பார்க்க முடியும். அசல் முறையில் பழைய செய்திகளைச் சர்வர் சேமித்துவைப்பதில்லை.

டிசிசி என்ற வசதியையும் உங்கள் தனி வலைக்குள் முயன்று பாருங்கள். இரண்டு பேர் சர்வரை விலக்கிவிட்டு நேராக இணைந்து பேச, கோப்பு அனுப்ப இது பயன்பட்டது. அழைப்பவரின் ஐபி முகவரி அழைப்புச் செய்திக்குள்ளேயே ஒரே எண்ணாக எழுதப்பட்டுப் போகும். 192.168.1.10 என்பது 3232235786 ஆகிவிடும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நெட்மீட்டிங்: முதல் குரல் அழைப்பு

சாதாரணக் கணினிகளில் குரல் அழைப்பை வியாபாரமாக்கியது 1995 பிப்ரவரியில் வந்த வோகல்டெக் நிறுவனத்தின் இன்டர்நெட் போன். அதன் ஆரம்பப் பதிப்புகள் ஆளைக் கண்டுபிடிக்க ஐஆர்சி சர்வர்களையே பயன்படுத்தின. அப்போதைய பல சவுண்ட் கார்டுகளால் ஒரே நேரத்தில் ஒலியைப் பதியவும் ஒலிக்கவும் முடியாது. அதனால் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேச முடியும். இருந்தும் அமெரிக்காவின் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் ஒன்று இதைக் கண்டு அரண்டு, 1996 மார்ச்சில் இந்த மென்பொருள்களைக் கட்டுப்படுத்தக் கோரி அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் மனு கொடுத்தது. அதே 1996-ல் மைக்ரோசாஃப்ட் நெட்மீட்டிங்கை இலவசமாக விட்டது. நாம் எடுக்கப்போவது அதைத்தான், ஏனென்றால் அதற்கு யாருடைய சர்வரும் தேவையில்லை.

விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியை நிறுவுங்கள். நெட்வொர்க் அட்டை பிசிநெட் ஃபாஸ்ட் 3, ஒலிக்கு ஐசிஎச் ஏசி97. இரண்டையும் எக்ஸ்பி தானே அடையாளம் கண்டுகொள்ளும். நெட்வொர்க் வகையில் 'ஹோஸ்ட் ஒன்லி' தேர்ந்தெடுங்கள், வலை கணினிக்குள்ளேயே அடங்கிவிடும். ஒலி அமைப்பில் ஆடியோ உள்ளீடு என்ற பெட்டி முதலில் குறியில்லாமல்தான் இருக்கும். அதைக் குறித்தால்தான் மைக் உள்ளே கேட்கும். பலர் இங்கேதான் ஒரு மணிநேரம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

பிறகு இந்த எக்ஸ்பியைப் பிரதி எடுங்கள். எடுக்கும்போது புதிய மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) உருவாக்கச் சொல்லுங்கள். இரண்டாவது எக்ஸ்பிக்குள் போய்க் கணினியின் பெயரையும் மாற்றுங்கள். இல்லையென்றால் வலையில் இதே பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று முறைக்கும். இரண்டுக்கும் நிலையான ஐபி கொடுத்துவிடுவது நல்லது, 192.168.56.11, 192.168.56.12 என்று. கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். வெளியே போக வழியே தெரியாது, அதுதான் நமக்கும் வேண்டும்.

இனி ஸ்டார்ட் மெனுவில் ரன், அதில் ஆங்கிலத்தில் கான்ஃப் (conf) என்று நான்கெழுத்து தட்டினால் நெட்மீட்டிங் வழிகாட்டி திறக்கும். பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். எதையாவது கொடுங்கள், சரிபார்க்க அங்கே யாரும் இல்லை. அடுத்த திரையில் தொடங்கும்போதே டைரக்டரி சர்வரில் நுழையும் விருப்பத்தின் குறியை எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியல்கள் எப்போதோ மறைந்துவிட்டன. அதற்கடுத்து இணைப்பு வேகம் கேட்கும்: 14400, 28800, கேபிள், லேன். லேன் என்பதைத் தேர்ந்தெடுக்கக் கை போகும். இரண்டிலும் 28800 கொடுங்கள். அப்போதுதான் அந்தக் காலத்துக் குரல் கேட்கும். கடைசியாக வரும் ஒலிச் சரிபார்ப்பில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லும், பச்சைப் பட்டை அசைகிறதா என்று பாருங்கள்.

ஒரே ஹெட்செட்டில் இரண்டு எக்ஸ்பி ஓடினால் உங்கள் குரலே திரும்பித் திரும்பி வந்து ஊளையிடும். ஒன்றில் ஆடியோ உள்ளீட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஓர் எக்ஸ்பி, வீட்டு வலையோடு சேர்க்கும் பிரிட்ஜ் முறையில், அப்போதும் கேட்வே காலியாக. எதிரே ஓர் ஆள் இருந்தால் இன்னும் சுவாரசியம்.

முகவரிக் கட்டத்தில் 192.168.56.12 என்று தட்டித் தொலைபேசிப் படத்தை அழுத்துங்கள். எதிர்த் திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி எழும், ஏற்கவா, தவிர்க்கவா என்று. எக்ஸ்பியின் ஃபயர்வால் குறுக்கிட்டால் அனுமதி கொடுங்கள். அழைப்பு 1720 போர்ட்டில் தொடங்கும், ஒலி வேறு போர்ட்டுகளில் போகும். கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் அரட்டை; டபிள்யூ என்றால் இருவரும் சேர்ந்து வரையும் வெள்ளைப்பலகை. குரல் இரண்டு பேருக்கு மட்டும்தான், அரட்டையும் பலகையும் அதற்கு மேலும் ஆட்களைத் தாங்கும்.

குரல் ஏன் அப்படிக் கேட்கிறது

டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், ஆடியோ, அட்வான்ஸ்ட் என்று போனால் கோடெக் பட்டியல், அதாவது குரலைச் சுருக்கும் முறைகளின் பட்டியல், இருக்கும். ஜி.723.1 மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணத் தொலைபேசி ஒரு வினாடிக் குரலுக்கு 64,000 பிட் செலவழிக்கிறது: 8000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 8 பிட். இந்தக் கோடெக் அதே வினாடியைச் சுமார் 6,300 பிட்டில் முடித்துவிடும். 14,400 வேகத்து மோடமே தாராளம் என்று தோன்றும்.

அங்கேதான் சிக்கல். கோடெக் 30 மில்லிவினாடிக்கு ஒரு துண்டாக, 24 பைட் தரும். அந்தத் துண்டைச் சுமக்கும் பாக்கெட்டின் தலைப்பு மட்டுமே 40 பைட்: ஐபிக்கு 20, யூடிபிக்கு 8, ஆர்டிபிக்கு 12. துண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் வினாடிக்கு 33 பாக்கெட், தலைப்புகளுக்கே 10,600 பிட்டுக்கு மேல். குரலையும் சேர்த்தால் 17,000. பழைய மோடம் மூச்சுத் திணறிவிடும். மூன்று துண்டுகளை ஒரே பாக்கெட்டில் கட்டினால் மொத்தம் 10,000-க்குள் வந்துவிடும், ஆனால் மூன்றாவது துண்டு பேசி முடியும்வரை முதல் துண்டு காத்திருக்க வேண்டும். பாக்கெட் தொலைந்தாலும் ஒரே அடியாக 90 மில்லிவினாடிப் பேச்சு காணாமல் போகும், ஒரு அசை அப்படியே விழுங்கப்படும். அந்தக் காலத்து இணைய அழைப்பில் குரல் வெட்டி வெட்டி வந்ததற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம்.

இதைக் காதால் கேட்க வேண்டும் என்றால் வலையின் வேகத்தைக் குறையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைவரியில் பேண்ட்வித் கட்டுப்பாடு உண்டு. அது வெளியே போகும் பக்கத்தை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதால் இரண்டு எக்ஸ்பிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். 28 கிலோபிட்டில் பேசிப் பாருங்கள், அப்புறம் பேசிக்கொண்டே ஒரு கோப்பை அனுப்புங்கள். லினக்ஸ் கணினி என்றால் நெட்எம் என்ற கருவி மூலம் தாமதத்தையும் சேர்க்கலாம். ஒரு பக்கத்துக்கு 150 மில்லிவினாடி வரை உரையாடல் சுகமாக நடக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, 400-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. 400 வைத்துப் பேசுங்கள். இருவரும் ஒன்றாகத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, 'நீங்க சொல்லுங்க', 'இல்ல, நீங்க சொல்லுங்க' என்று மாட்டிக்கொள்வீர்கள்.

வெளியே கூப்பிட்டால் ஏன் போகாது

தனி வலையில் இவ்வளவு அழகாக ஓடிய நெட்மீட்டிங், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஏன் ஓடுவதில்லை? டிசிசியில் பார்த்த அந்த நீள எண்தான் விடை. இணைக்க வேண்டிய முகவரியை மென்பொருள் செய்திக்குள்ளேயே எழுதி அனுப்புகிறது. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்குத் தெரிந்தது 192.168 என்று தொடங்கும் உள்முகவரி மட்டும். எதிர்முனைக்கு அது எந்தப் பயனும் இல்லாத எண். பல கணினிகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைக்கும், முகவரி மாற்றம் என்ற இந்த ஏற்பாடு 1994-ல் ஆர்எஃப்சி 1631 ஆக எழுதப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ரவுட்டர் வந்தபோது நேரடி அழைப்பின் காலம் முடிந்தது.

ஆட்டோடெஸ்க் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வாக்கர் எழுதிய ஸ்பீக் ஃப்ரீலி, மறைகுறியாக்கத்தோடு பேசவிட்ட அருமையான இலவச மென்பொருள். 2004 ஜனவரியில் அவர் அதை நிறுத்தியபோது சொன்ன காரணமும் இதுவே. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2003 ஆகஸ்டில், ஸ்கைப் வந்திருந்தது. ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர்களை, திறந்த முகவரியுள்ள மற்ற பயனர்களின் கணினிகள் வழியாக அது இணைத்துவைத்தது. கெட்டிக்காரத்தனமான தீர்வு, ஆனால் கணக்கும் கடவுச்சொல்லும் நிறுவனத்தின் கையில்.

இன்று நெட்மீட்டிங்கை இரண்டு ஊர்களுக்கிடையே ஓட்ட ஒரே நல்ல வழி, தூரத்துக் கணினிகளை ஒரே தனி வலையாக்கும் விபிஎன். இரண்டு பக்கமும் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு ஒரே வலைக்குள் கொண்டுவந்தால் உள்முகவரியே போதும். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். எக்ஸ்பியை நடுத்தெருவில் நிறுத்துவதற்குச் சமம் அது.

ஐசிக்யூ, ஏஐஎம்: சர்வரையும் நாமே எழுப்புவது

ஐசிக்யூ 1996 நவம்பரில் மிராபிலிஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்திலிருந்து வந்தது. 1998-ல் ஏஓஎல் அதை உடனடியாக 287 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. ஏஓஎல்லின் ஏஐஎம் 1997-ல் வந்திருந்தது. இரண்டும் பின்னாளில் ஆஸ்கார் என்ற ஒரே நெறிமுறையைப் பேசின. அதைத் தலைகீழாகப் பிரித்துப் படித்து ஆர்வலர்கள் எழுதிய ரெட்ரோ ஏஐஎம் சர்வர் (இப்போதைய பெயர் ஓப்பன் ஆஸ்கார் சர்வர்) என்ற திறமூல மென்பொருளை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். (எம்எஸ்என் மெசெஞ்சருக்கு எஸ்கார்கோ என்ற திட்டம் இருக்கிறது. அது இணையம் வழியாகச் சர்வரை அடைய வேண்டியது என்பதால் இந்த மூடிய வலைக்குள் சேர்க்கவில்லை.)

சர்வரை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் முகவரியாக 192.168.56.1 கொடுங்கள், ஹோஸ்ட் ஒன்லி வலையில் உங்கள் கணினியின் வழக்கமான முகவரி அது. எக்ஸ்பியில் ஏஐஎம்மின் 5.x பதிப்பு ஒன்றை நிறுவி, இணைப்பு அமைப்பில் சர்வர் பெயரை அழித்துவிட்டு அதே முகவரியைப் போடுங்கள். போர்ட் 5190 அப்படியே இருக்கட்டும்.

சில நேரம் கடவுச்சொல் ஏற்கப்பட்டு, அதற்கடுத்த நொடி எல்லாம் உறைந்து நிற்கும். ஆஸ்காரில் நுழைவு இரண்டு கட்டம். முதல் சர்வர் கடவுச்சொல்லைப் பார்த்துவிட்டு, இனி இந்த முகவரிக்குப் போ என்று வேறொரு முகவரியைக் கையில் கொடுக்கும். அமைப்புக் கோப்பில் 127.0.0.1 என்று விட்டிருந்தால், எக்ஸ்பி தன்னையே கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கோப்பைத் திருத்திச் சர்வரை மறுபடி தொடங்கினால் தீர்ந்தது.

இரண்டு எக்ஸ்பியிலும் நுழைந்து ஒருவரை ஒருவர் பட்டியலில் சேருங்கள். ஒருவர் வெளியேறும்போது மற்றவர் பட்டியலில் பெயர் இடம் மாறுவதைக் கவனியுங்கள். யார் இப்போது இருக்கிறார் என்று காட்டிய அந்தப் பட்டியல்தான் இந்த மென்பொருள்களைப் பரப்பியது. எல்லாம் சரியாக ஓடியதும் இரண்டு எக்ஸ்பியையும் ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள், அப்போதைய நிலை அப்படியே சேமிக்கப்படும். ஆக்டிவேஷன் செய்யாத எக்ஸ்பி 30 நாளில் பூட்டிக்கொள்ளும்.